துணைச் சாரதியின் இரண்டு ஜோடி ஷூ

கவியரசன் முதல் தடவை என் ஜிம்முக்கு வந்த அன்று, தோளில் கொண்டுவந்த பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினான். அகலமான தோல் பெல்ட். விரல் நுனி இல்லாத கையுறை. மணிக்கட்டில் மாட்டிக் கம்பியோடு சுற்றிக்கொள்ளும் பட்டை. முழங்காலுக்குச் சுற்றும் நீளமான எலாஸ்டிக் துணி. உடம்போடு ஒட்டும் கறுப்பு பனியன். அடியில் மெத்தை வைத்த கிளிப்பச்சை ஷூ. கடைசியாக ஒரு பழைய வெள்ளை கான்வாஸ் ஷூ, பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போடுவார்களே, அது.

"எல்லாம் வாங்கிட்டேன்க்கா. பலம் மட்டும் வரலை" என்றான்.

வாசலில் நின்றிருந்த அவன் அக்கா புருஷன் அடைக்கலம், "வரலைன்னு யாரு சொன்னா? எட்டு கிலோ வந்திருக்கு. நம்ம மாடுகளைக் கேளுங்க டீச்சர், அதுங்க சொல்லும்" என்றார்.

நான் டீச்சர் இல்லை. கல்லூரி நாட்களில் பளு தூக்கினேன். இப்போது கந்தர்வக்கோட்டையில் ஒரு சிமெண்ட் கடை மாடியில் ஜிம் வைத்திருக்கிறேன். ஆனால் அடைக்கலத்துக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கிற பெண் என்றால் டீச்சர்தான். அபிராமி என்ற என் பெயரை அவர் இதுவரை சொன்னதில்லை.

எனக்கு மாட்டுவண்டிப் பந்தயம் தெரியாது. சாலையோரம் நின்று இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்குத் தெரியாத ஒன்று எப்படி நடக்கிறது என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் மற்ற வேலை ஓடாது. இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன்.

பந்தய வண்டி எடை குறைந்த வண்டி. மூட்டை ஏற்றுவதற்கில்லை, இரண்டு ஆள் தொற்றிக்கொள்ள இடம் இருக்கும். ஒருவர் சாரதி. கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தே வருவார். இன்னொருவர் துணைச் சாரதி. அவருக்கு வண்டியில் பாதி வேலை, தரையில் பாதி வேலை. சமதரையில் வண்டியில் வருவார். ஏற்றம் வந்தாலோ வண்டி திரும்பும் இடம் வந்தாலோ குதித்து இறங்கி மாட்டுக்குப் பக்கத்தில் ஓடுவார். அவர் இறங்கிய நொடியில் மாடுகள் இழுக்கும் சுமையில் ஓர் ஆள் எடை குறைகிறது. ஏற்றம் தாண்டியதும், ஓடுகிற வண்டியை ஒரு கையால் பற்றி எம்பி ஏறிவிட வேண்டும். போய்வர ஆறு மைல் பந்தயத்தில், விட்டு விட்டு ஒன்றரை மைலாவது ஓட்டம் இருக்கும். அதுவும் மாட்டின் வேகத்துக்கு.

அடைக்கலம் சாரதி, கவியரசன் துணைச் சாரதி. வலப்பக்க மாடு செவலை. இடப்பக்க மாடு மைனர். மைனரைக் கன்றுக்குட்டியிலிருந்து ஓட்டத்துக்குப் பழக்கியது கவியரசன்தான். மூன்று வருஷமாக அவன் மைனருக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறான். இதில் அடைக்கலத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாட்டை அடிக்கக் கூடாது, வாலைத் தொடக் கூடாது. ஆள் பக்கத்தில் ஓடினால் மாடு ஓட வேண்டும், கடைசி ஏற்றத்தில் மட்டும் ஒரு குரல் கொடுக்கலாம். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

"போன வருஷம் என்ன ஆச்சு?" என்றேன்.

கவியரசன் கூரையைப் பார்த்தான். அடைக்கலம் சொன்னார்: "கடைசி ஏத்தத்துல எறங்கினான். ஓடினான், ஒண்ணும் சொல்லக் கூடாது, நல்லாத்தான் ஓடினான். ஏறணும்ல? கை பிடிச்சிருச்சு, காலு எந்திரிக்கலை. கால் மைலு வண்டிக்குப் பின்னால தொங்கிக்கிட்டே வந்தான். வைக்கோல் வண்டியில ஒரு கட்டு அவுந்து தொங்குமே, அந்த மாதிரி."

"மச்சான், மூணாவது வந்தோம்ல."

"வந்தோம். மூணு வண்டிதான் முடிச்சுச்சு."

அந்த அவமானத்தில் கவியரசன் டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். அங்கே எல்லாரும் செய்வதைச் செய்திருக்கிறான். தினம் கை, தினம் நெஞ்சு, ஒவ்வொன்றிலும் கை நடுங்கும்வரை பதினைந்து இருபது தடவை. வீட்டில் ஆறு முட்டை. நான்கு மாதத்தில் சட்டைக் கை இறுகியது, ஓட்டம் குறைந்தது. என் எடை மெஷினில் ஏற்றினேன், எழுபத்தாறு. முன்பு அறுபத்தெட்டாம்.

"நீங்களும் ஏறுங்கண்ணே. வண்டியில உக்காந்தே வாரது நீங்கதானே" என்றேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று அடைக்கலம் எழுந்துவிட்டார். படியில் இறங்கப் போனவர் திரும்பி, சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். "வைகாசியில பந்தயம். அதுக்குப் பதினஞ்சு நாளுக்கு முந்தி, ஞாயித்துக்கிழமை கண்மாய்க்கரை ரோட்டுல ஓட்டிப் பாப்பேன். இவன் சரிப்படலைன்னா முனியசாமியை ஏத்திக்குவேன். அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். மாப்ளைங்கிறதுக்காக மாட்டை ஏமாத்த முடியாது."

அவர் போனபின் கவியரசன் வெகுநேரம் ஷூ கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தான். "முனியசாமி நல்ல பயதான்க்கா. லோடு வண்டி ஓட்டுறான், அறுபத்திரண்டு கிலோ, சிட்டாப் பறப்பான். ஆனா மைனரு எங்கூட ஓடுன மாடு" என்றான்.

மாசி பாதியில் இருந்தோம். பத்து வாரம் கையில் இருந்தது.

"நீ என்ன வேலை பாக்குற?" என்று கேட்டேன்.

"மோட்டார் காயில் கட்டுறேன்."

எனக்கு அதுவும் தெரியாது. கேட்டேன். தயங்கி ஆரம்பித்தவன், பிறகு என் வெயிட் தட்டு ஒன்றை நடுவில் வைத்து மோட்டார் என்று பாவித்து விளக்கினான். வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் இரண்டு காயில் இருக்கிறதாம். ஒன்று ஸ்டார்ட்டிங் காயில். நிற்கிற மோட்டாரைச் சட்டென்று ஒரு தள்ளு தள்ளிச் சுற்றவைக்கும். வேகம் பிடித்ததும் ஒரு சுவிட்ச் அதைக் கழற்றிவிடும். பிறகு மணிக்கணக்கில் ஓடுவது ரன்னிங் காயில் மட்டுமே.

"ஸ்டார்ட்டிங் காயில் பெருசா இருக்கணுமா?"

"தேவையில்லக்கா. மெல்லிசுக் கம்பிதான். ஆனா வேணும்கிற நேரத்துல டக்குனு வரணும். சுவிட்ச் விடாம அதுவும் கூடவே ஓடுனா கருகிரும். நம்ம கடைக்கு வாரதுல பாதி மோட்டார் அப்படிக் கருகுனதுதான்."

"அதேதான் ஒனக்கும்" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சிரித்தான். "ஓடுறது ரன்னிங் காயில். ஏறுறது ஸ்டார்ட்டிங் காயில். நான் நாலு மாசமா ஸ்டார்ட்டிங் காயிலை விடாம ஓடவிட்டிருக்கேன்."

இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அன்று முதல் எல்லாருக்கும் இதையே சொல்கிறேன்.

மோட்டாரில் இல்லாத ஒரு சங்கதி மட்டும் உடம்பில் உண்டு. தூக்கினால் பலம் வரும், ஓடினால் மூச்சு வரும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சோர்ந்துபோகும்வரை செய்தால், எதற்காகத் தன்னை மாற்றிக்கொள்வது என்று உடம்புக்குத் தெரியாது. இரண்டும் அரைகுறையாக நின்றுவிடும். அதனால் பிரித்தோம். செவ்வாயும் வெள்ளியும் காலையில் வேகமான ஓட்டம், சாயங்காலம் வெயிட். நடுவில் எட்டு மணி நேரமாவது இடைவெளி. இரண்டு கடினமான வேலையையும் ஒரே நாளில் போட்டதற்குக் காரணம், மறுநாள் உண்மையான ஓய்வாக இருக்க வேண்டும் என்பதுதான். தினம் கொஞ்சம் கொஞ்சம் வதைத்தால் ஒரு நாளும் ஓய்வில்லை. ஞாயிறு மட்டும் நிதானமான நீண்ட ஓட்டம், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில்.

வெயிட்டில் நான்கே பயிற்சி. தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து பாரத்தைத் தூக்குவது, கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, குதிகாலைத் தூக்கி நிற்பது. ஒவ்வொன்றிலும் கனமாக ஐந்து தடவை, அதற்கு மேல் இல்லை. பிறகு மூன்று நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இருபது தடவை தூக்கிச் சதையைக் களைப்பாக்கி, மேலே ஆறு முட்டையும் போட்டால் சதை பெருகும். ஐந்து தடவை கனமாகத் தூக்கி நன்றாக ஓய்வெடுத்தால், இருக்கிற சதை மொத்தத்தையும் ஒரே நொடியில் வேலைக்குக் கூப்பிட நரம்புகள் கற்றுக்கொள்ளும். அவனுக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான். மூன்று நிமிடம் சும்மா உட்காருவதுதான் அவனுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பிறகு பைக்கு வந்தோம். பெல்ட்டை முதலில் எடுத்தேன். மிகப் பெரிய பாரம் தூக்கும்போது வயிற்றைச் சுற்றி முட்டுக் கொடுக்க அது நல்லதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் கட்டினால் வயிற்றுச் சதை செய்ய வேண்டிய வேலையைத் தோல் செய்துவிடும். "வண்டியில ஏறும்போது பெல்ட் கட்டியிருப்பியா?" இல்லை. அலமாரிக்குப் போனது. மணிக்கட்டுப் பட்டை கைக்குப் பதில் தானே கம்பியைப் பிடித்துக்கொள்ளும்; வண்டியைப் பிடிக்க வேண்டியது கை. அதுவும் போனது. கையுறைக்குப் பதில் பளு தூக்குகிறவர்கள் பூசும் வெள்ளைப் பொடி கொடுத்தேன், வியர்வையில் கை வழுக்காமல் இருக்க. முழங்கால் துணி ஸ்பிரிங் மாதிரி தூக்கிவிடும். சொந்தக் காலுக்கு வேலை இல்லாமல் போகும். ஒட்டுப் பனியனைக் கொடுக்கத் தயாராக அவனே நீட்டினான்.

"அது இருக்கட்டும். தொளதொளன்னு சட்டை போட்டு ஓடுனா சக்கரத்துல மாட்டும். நீ வாங்கினதுல உருப்படியானது அதுதான்" என்றேன்.

மிச்சம் இரண்டு ஜோடி ஷூ. இங்கேதான் நான் மிகவும் சந்தோஷமாக விளக்கினேன். அவன் மெத்தை ஷூவைப் போட்டு வெயிட் தூக்கியிருக்கிறான், தேய்ந்துபோன கான்வாஸைப் போட்டு ஓடியிருக்கிறான்.

"மெத்தை மேல நின்னு ஒரு மூட்டையத் தூக்குனா எப்படி இருக்கும்? பாதம் ஆடும்ல? வெயிட்டுக்குத் தட்டையான, கெட்டியான அடி வேணும். கான்வாஸ்தான் சரி. தார் ரோட்டுல ஓடும்போது ஒவ்வொரு அடியும் முழங்காலுக்குப் போகும். அதுக்குத்தான் மெத்தை. நீ ரெண்டையும் மாத்திப் போட்டிருக்க."

"நாலு மாசமாவா?"

"நாலு மாசமா."

அன்றிலிருந்து கான்வாஸ் என் ஜிம்மின் ஷூ அலமாரியில் தங்கிவிட்டது. கிளிப்பச்சை சாலையில் ஓடியது.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. முழங்கால் வலி போனது. எடை எழுபத்தொன்றில் நின்றது. என் ஜிம்முக்குப் பின்னால் சிமெண்ட் கடைக்காரரின் பழைய தள்ளுவண்டி ஒன்று கிடந்தது. இருவர் அதை இழுத்துக்கொண்டு ஓட, கவியரசன் பக்கத்தில் ஓடி எம்பி ஏறுவான். சோதனை ஓட்டம்வரை மாடுகளோடு அவனை ஓடவிடவில்லை. முதல் வாரம் பத்துக்கு நான்கு தடவை ஏறினான். கடைசி வாரம் பத்துக்குப் பத்து. ஒரு மைலுக்கு நாற்பது நொடி குறைந்திருந்தது. என் பயிற்சி நோட்டில் எல்லா எண்களும் நல்ல பக்கம் போய்க்கொண்டிருந்தன. இதற்கு மேல் கவலைப்பட எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்குக் கண்மாய்க்கரை ரோட்டில் இருந்தோம். நான் ஸ்கூட்டி ஓட்டினேன். என் பின்னால் கவியரசனின் அக்கா அழகி, கையில் என் போனோடு வீடியோ எடுக்க உட்கார்ந்திருந்தாள். மாடுகளுக்குத் தீனி போடுவதும் குளிப்பாட்டுவதும் அவள்தான். முனியசாமி மைல்கல்லின் மேல் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"டேய் தம்பி, இன்னைக்கும் தொங்கிறாத. வீடியோ எடுக்குறேன்" என்றாள் அழகி.

"ஒன் வீட்டுக்காரரை மூச்சை உள்ள இழுத்துக்கச் சொல்லு. வண்டி இங்கிட்டுச் சாயுது."

வண்டி கிளம்பியது. ஒரு மைல் போய்த் திரும்ப வேண்டும். திருப்பத்தில் கவியரசன் குதித்தான். அழகாக ஓடினான். தோள் ஆடவில்லை, மூச்சு இரைக்கவில்லை. அடுத்து வந்த ஏற்றம் முடிந்ததும் ஒரு கை, ஒரு எம்பு, வண்டியில் இருந்தான். நான் ஸ்கூட்டியிலேயே கைதட்டப் போனேன்.

ஆனால் மாடுகள் ஓடவில்லை. ஓடாமல் இல்லை, ஓடின, ஆனால் மனசில்லாமல். கவியரசன் இறங்கினால் வேகம் கூட வேண்டும், அதற்குப் பதில் குறைந்தது. மைனர் இரண்டு இடத்தில் கால் தடுமாறியது. போன் காட்டியது ஏழு நிமிடம் பத்து நொடி.

அரை மணி நேரம் மாடுகளை நிற்கவைத்தார்கள். பிறகு முனியசாமி வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஓடினான். ஏறும்போது வழுக்கி இரண்டாம் முயற்சியில்தான் ஏறினான். கவியரசனைவிட மோசமாக ஓடினான் என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. ஆறு நிமிடம் நாற்பத்தைந்து நொடி.

ஏற்கெனவே ஓடிக் களைத்த மாடுகள் அவை.

அடைக்கலம் கயிற்றைச் சுருட்டினார். யாரையும் பார்க்காமல் பேசினார். "ஒன் மேல குத்தம் இல்ல மாப்ள. நல்லா ஓடுற. மாட்டுக்கு ஒத்துக்கலை."

"மூணு வருசம் ஒத்துக்கிட்டுச்சே மச்சான்."

"அதான் எனக்கும் வெளங்கலை. ஜிம்முக்குப் போனப்புறம் மாறிப்போச்சு. முனியசாமியே வரட்டும்."

முனியசாமிக்கே சந்தோஷமாக இல்லை. "நான் வேணும்னா இன்னொருக்கா மெதுவா ஓடவா?" என்று கேட்டான்.

கவியரசன் மைனரின் கழுத்தைத் தடவிவிட்டு, கரையில் இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். என் பத்து வார நோட்டு என் கையிலேயே இருந்தது. ஓர் எண்ணும் தப்பில்லை. ஆள் தேறியிருக்கிறான், வண்டி மெதுவாகியிருக்கிறது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் தேறவும் கெடவும் செய்யாது. நடுவில் நான் பார்க்காத ஒன்று இருக்க வேண்டும்.

வீடியோவைப் போட்டேன். இரண்டு ஓட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்கு ஆள்தான் தெரிந்தான், மாடு தெரியவில்லை. அழகி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"காதைப் பாருங்க டீச்சர்."

"யார் காதை?"

"மைனரு காதை. முனியசாமி ஓடும்போது இடது காது பின்னால திரும்பியே இருக்கு பாருங்க. அதுதான் அது ஓடுற பாவனை. நம்ம தம்பி ஓடும்போது பாருங்க. காது அங்கிட்டும் இங்கிட்டும் போகுது. இந்தா, தலையைத் திருப்புது. அங்கனதான் தடுமாறுச்சு. அது யாரையோ தேடுது."

"பக்கத்துலதானே ஓடுறான்?"

"கண்ணுக்கு முன்னால ஓடலையே. வயித்துக்குப் பக்கத்துல ஓடுறான். அதுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? நான் அந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டேன். மோப்பமா? வியர்வை வாசம் முன்பைவிட அதிகம்தான். குரலா? கடைசி ஏற்றம்வரை குரல் கொடுப்பதில்லை. மிச்சம் ஒன்றுதான். நான் கரையைப் பார்த்தேன். புல்லில் நீட்டியிருந்த கிளிப்பச்சை ஷூ.

"அடைக்கலம் அண்ணே, இங்கிட்டு வந்து நில்லுங்க. ரோட்டுக்கு முதுகைக் காட்டி. கண்ணை மூடிக்கங்க. கவி, அந்தப் புளியமரத்துலேருந்து ஓடி வந்து அண்ணனைத் தாண்டிப் போ. அண்ணே, அவன் கிட்ட வாரான்னு தெரிஞ்சதும் கையைத் தூக்குங்க."

"என்ன வெளாட்டு டீச்சர் இது?"

"ஒரே நிமிசம்."

கவியரசன் ஓடிவந்தான். அடைக்கலம் கையைத் தூக்கவில்லை. ஆள் அவரை உரசித் தாண்டிய பிறகுதான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"இப்ப ஷூவைக் கழட்டிட்டு ஓடு."

வெறுங்காலில் பட், பட், பட் என்று தார் ரோட்டில் விழுந்த சத்தத்துக்கு, அவன் பாதி தூரம் வருவதற்குள் அடைக்கலத்தின் கை மேலே போனது. பின்னால் வண்டியில் கட்டியிருந்த மைனரின் இடது காதும் திரும்பியது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முனியசாமிதான் முதலில் சிரித்தான்.

மெத்தை ஷூ அடியை வாங்கிக்கொள்கிறது. அடியை வாங்கினால் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். அதுதான் அதன் வேலை, அதற்குத்தான் விலை. மனிதர்களோடு ஓடுகிறவனுக்கு அது நல்ல ஷூ. இவன் மாட்டோடு ஓடுகிறவன். மூன்று வருஷமாக மைனர் கேட்டு ஓடியது அந்தத் தேய்ந்த கான்வாஸின் தட்டைச் சத்தத்தை. அதுதான் அதற்குக் கவியரசன். அதை நான் பிடுங்கி, நல்லது செய்வதாக நினைத்து, என் ஜிம் அலமாரியில் வைத்துவிட்டேன்.

"தப்பு என்னோடதுண்ணே. ஷூவை மாத்தினது நான்தான். புதன்கிழமை இன்னொரு தடவை பாருங்க" என்றேன்.

அடைக்கலம் முனியசாமியைப் பார்த்தார். முனியசாமி, "எனக்கு அன்னைக்கு லோடு இருக்கு" என்றான். இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அப்படியே கான்வாஸுக்குத் தாவிவிட முடியாது. பத்து வாரமாக மெத்தைக்குப் பழகிய கெண்டைக்கால், ஒரே நாளில் தட்டை அடிக்கு மாறினால் பிடித்துக்கொள்ளும். நல்லவேளை, குதிகாலைத் தூக்கி நிற்கும் பயிற்சியை விடாமல் செய்திருந்தான். பங்கு போட்டோம். தனியாக ஓடும் நீண்ட தூரத்துக்குக் கிளிப்பச்சை. அப்போது மாட்டுக்குக் கேட்க வேண்டியதில்லை. மாட்டோடு ஓடும்போது மட்டும் கான்வாஸ், முதலில் கால் மைல், பிறகு அரை. உள்ளே மெல்லியதாக ஓர் அட்டை வெட்டி வைத்தேன், சத்தம் கெடாத அளவுக்கு. வைத்தபின் சிமெண்ட் தரையில் தட்டித் தட்டிக் கேட்டோம். ஜிம்மில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

புதன்கிழமை கவியரசன் கான்வாஸோடு இறங்கிய அந்த நொடியில் மைனரின் காது பின்னால் திரும்பி, அங்கேயே நின்றது. ஸ்கூட்டியில் நான் பின்தங்கிவிட்டேன். அழகி என் முதுகில் தட்டி, "முறுக்குங்க டீச்சர், முறுக்குங்க" என்றாள். ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி. அடைக்கலம் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தார், இறக்கிவிட்டு ஒரு தடவை பார்த்தார்.

"மாப்ள, அந்த ஷூவைத் தொவைச்சிராத. சத்தம் மாறிரப் போகுது" என்றார்.

பந்தயம் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு ஊரில். பதினோரு வண்டி. சாலையின் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிளும் குடையும் மோர்ப் பானையுமாக இருந்தது. நானும் அழகியும் கடைசி ஏற்றத்தில் ஒரு முந்திரித் தோப்பு ஓரமாக இடம் பிடித்தோம். முனியசாமியும் லோடு இல்லாமல் அங்கே வந்திருந்தான்.

வண்டிகள் திரும்பி வந்தபோது எங்கள் வண்டி நான்காவது. ஏற்றத்தின் அடியில் கவியரசன் குதித்தான். இவ்வளவு கூச்சலிலும் எனக்கு அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். தப், தப், தப். மைனர் தலையைத் தாழ்த்தியது. ஒரு வண்டியைத் தாண்டினார்கள். அடுத்த வண்டியின் துணைச் சாரதி ஓடி ஓய்ந்து, ஏற முடியாமல், போன வருஷத்துக் கவியரசனைப் போலப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தான். அவனையும் தாண்டினார்கள். ஏற்றத்தின் உச்சியில் கவியரசன் ஒரே ஒரு குரல் கொடுத்தான். கையைப் போட்டான்.

"ஸ்டார்ட்டிங் காயில்" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்னது?" என்றாள் அழகி. அதற்குள் அவன் வண்டியில் இருந்தான்.

முதல் வண்டியை அவர்கள் பிடிக்கவில்லை. ஒரு மாட்டுத் தலை அளவு பின்தங்கி இரண்டாவது. பரிசுக் கொடி வாங்கிய கையோடு கவியரசன் நேராக மைனரிடம் போனான். குனிந்து கான்வாஸைக் கழற்றி, அதன் மூக்குக்கு நேரே நீட்டினான். மைனர் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மி, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அடுத்த வருசமும் இவன்தான். இவன் காலு இருக்கிறவரைக்கும் இவன்தான்" என்று அடைக்கலம் எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஒரு மாட்டுத் தலை டீச்சர். ஒரே ஒரு தலை. அது எங்க விட்டுப்போச்சுன்னு கணக்குப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன். இறங்கி ஏறுகிறவனின் எடை ஒன்றரை மைல் தரையில் போய்விடுகிறது. உட்கார்ந்தே வருகிறவரின் எடை ஆறு மைலும் வண்டியிலேயே இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அழகி சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஜிம்மைத் திறக்கப் போனேன். படியில் அடைக்கலம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை. அதற்குள் தோல் பெல்ட் ஏதாவது இருக்குமோ என்று பயந்தேன். ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான்.

உள்ளே வந்து எடை மெஷினுக்கு முன்னால் நின்றார். அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"செருப்போட ஏறணுமா, கழட்டிட்டு ஏறணுமா டீச்சர்?"

"கழட்டிட்டு ஏறுங்கண்ணே."

கழற்றினார். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். சாவிக்கொத்தைக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார்.

"இப்ப எனக்கு நம்பர் தெரியாது. நீங்களே பாத்து, மெதுவாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்.